எட்டு கஜக் கம்பளி

ஸ்காட்லாந்து நாட்டு ஆடவர் திருமணம் முதலிய விசேஷங்களில் இடையில் அணியும் கட்டம் போட்ட கம்பளி உடைக்குக் கில்ட் என்று பெயர். நேயர்களில் பலர் அதைப் படங்களில் பார்த்திருப்பார்கள். முழங்கால் வரை வரும். முன்புறம் தட்டையாக இருக்கும். பின்புறம் முழுவதும் நெருக்கமான மடிப்புகள். பெண்களின் பாவாடையைப் போல் இருக்கிறதே என்று நகைப்பவர்கள் உண்டு. ஆனால் அதை ஒருமுறை கையில் வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தவர்கள் நகைப்பதில்லை. ஏறக்குறைய எட்டு கஜம் கம்பளித் துணி ஒரு மனிதனின் இடையைச் சுற்றி அங்கே அடங்கிக் கிடக்கிறது. அவ்வளவு துணியையும் உடம்பின் வடிவுக்கு இணங்கச் செய்திருப்பது கத்திரிக்கோல் அன்று, மடிப்புத்தான்.

இந்த உடையை வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கக் கற்றுக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஸ்காட்லாந்திலும் இருக்கிறார்கள்; அந்நாட்டவர் சென்று குடியேறிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கற்பது என்ன, அதில் அருமை எங்கே இருக்கிறது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு, எந்தப் புதுப் பொருளைப் பற்றிப் படித்தாலும் சொற்களே முதலில் வழிமறித்து நிற்கும். கில்ட் என்னும் சொல் ஆதியில் ஓர் உடையின் பெயராக இருக்கவில்லை. உடுத்த துணியைத் தூக்கிச் செருகிக்கொள்ளும் செயலைக் குறித்த வினைச்சொல் அது. வட ஐரோப்பிய மொழிகளின் வழியாக வந்தது. செயலின் பெயர் பின்னாளில் உடையின் பெயராயிற்று. தமிழில் இதற்கு என்ன செய்வது என்று எண்ணினால், நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் ஒன்று இருக்கிறது. சேலை கட்டும் பெண்கள் முன்புறம் விரல்களால் அடுக்கி மடித்துச் செருகுவதைக் கொசுவம் என்கிறோம். பழைய வழக்கில் அது கொய்சகம். கொய்தல் என்பதற்குப் பறித்தல் என்ற பொருளோடு, துணியை மடித்து அடுக்குதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே கில்ட்டின் மடிப்புகளையும் கொசுவம் என்றே சொல்லப் போகிறேன். நம் வீட்டுக் கொசுவம் காலையில் பிறந்து இரவில் கலைந்துவிடும். கில்ட்டின் கொசுவம் தைத்து நிறுத்தப்பட்டது. வேறுபாடு அவ்வளவே.

ஆதியில் அதுவும் அன்றாடம் கலைகிற கொசுவமாகத்தான் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் உடுத்தியது ஒரே நீண்ட கம்பளி. தறியின் அகலம் போதாமையால் இரண்டு அகலங்களை நீளவாட்டில் மூட்டி, நான்கைந்து கஜ நீளம் வைத்துக்கொள்வார்கள். அதைத் தரையில் விரித்து, நடுப்பகுதியைக் கையால் மடித்து, அதன்மேல் படுத்து, இடைவாரை இறுக்கிக்கொண்டு எழுவார்கள் என்று சொல்லப்படுகிறது. இடைக்குக் கீழே உடை. மேலே தோளுக்குப் போர்வை. இரவில் அதுவே படுக்கை. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் உடுத்தும் சிறிய கில்ட் பரவிற்று. தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி தம்மிடம் வேலை செய்த மலைநாட்டாரின் வசதிக்காக அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயரிடமிருந்து தங்கள் உடை வந்தது என்பதை ஸ்காட்லாந்துக்காரர்கள் எளிதில் ஒப்புவார்களா? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அந்த உடைக்குச் சோதனைக் காலமும் வந்தது. 1745-இல் எழுந்த கலகம் 1746-இல் கல்லோடன் போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டது. உடனே, மலைநாட்டு உடையை ஆடவரும் சிறுவரும் அணியலாகாது என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுபடியும் அணிந்தால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது ஒரு தலைமுறை கடந்திருந்தது. சாதாரண மக்களில் பலர் அதை உடுத்தும் பழக்கத்தையே விட்டிருந்தார்கள். மலைநாட்டுப் பட்டாளங்களே அதைக் காப்பாற்றி வைத்திருந்தன. கொசுவத்தைத் தைத்து நிறுத்தும் வழக்கமும் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் உறுதிப்பட்டது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் வரவேற்பை முன்னின்று நடத்தினார். மன்னரே கில்ட் அணிந்து காட்சி தந்தார். அதன்பின் அது நாட்டின் உடையாயிற்று. குலத்துக்கு ஒரு கட்டம் என்னும் முறையும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றதே. 1983-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் என்ற வரலாற்றாசிரியர், இந்த மரபு முழுவதுமே பிற்காலத்தில் செய்துவைத்தது என்று வாதித்தார். அதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனித் துணிக்கு வருவோம். கில்ட்டுக்குரிய கம்பளிக்கு டார்ட்டன் என்று பெயர். பாவில் எந்த வண்ண நூல்கள் எந்த வரிசையில் ஓடுகின்றனவோ, அதே வரிசையில் ஊடையிலும் ஓடும். இரண்டும் குறுக்கிடும் இடங்களில் கட்டங்கள் பிறக்கின்றன. இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே என்று ஒவ்வோர் இழையாகத் தள்ளி நெய்வதால், உற்றுப் பார்த்தால் துணி முழுவதும் சாய்ந்த வரிகள் தெரியும். ஒரு கட்டத்தின் முழு வடிவம் முடிந்து மறுபடியும் தொடங்கும் வரை உள்ள அளவைச் செட் என்பார்கள். அது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு அங்குலம் வரை இருக்கும். துணியின் கனமும் முக்கியம். கஜத்துக்கு 13 அவுன்ஸ் முதல் 16 அவுன்ஸ் வரை எடையுள்ளதையே தேர்ந்த கைகள் நாடும். மெல்லிய துணியில் கொசுவம் நிற்காது. கம்பளிக்கு நீராவியும் சூடும் பட்டால் இட்ட வடிவில் அமரும் குணம் இருக்கிறது.

கில்ட்டின் அடிவிளிம்பை யாரும் மடித்துத் தைப்பதில்லை. தறியில் நெய்த கரையே அதன் விளிம்பு. மடித்தால் அங்கே துணி இரட்டித்துக் கொசுவம் விறைத்து நிற்கும். கரையாக விட்டால் அது தன் கனத்தில் நேராகத் தொங்கும். வேஷ்டியின் கரையைப் பார்த்தே துணியின் தரத்தைச் சொல்லும் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கரையைக் காப்பாற்றுவதற்காக ஓர் உபாயம் செய்கிறார்கள். இரட்டை அகலத் துணியில் நான்கு கஜம் வாங்கி, அதை நீளவாட்டில் நடுவே வகிர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரை உள்ள இரண்டு நீளங்களாக்கி, தலைப்போடு தலைப்பு சேர்த்து எட்டு கஜமாக்குகிறார்கள். கட்டத்தோடு கட்டம் இழை பிசகாமல் சேரவேண்டும். மூட்டிய தையலும் ஒரு கொசுவத்தின் உள்ளே மறைந்துவிட வேண்டும். எட்டு கஜம் என்பது மரபான பேச்சு. ஆளின் பருமனையும் செட்டின் அளவையும் பொறுத்துக் கூடும், குறையும்.

இதன்பிறகு வருவது தையல் அன்று, கணக்கு. என் கருத்தில் கில்ட் தைக்கக் கற்பவர் கற்கவேண்டியதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஓர் இளைஞனுக்கு இடை 30 அங்குலம், இடுப்பின் அகன்ற பகுதி 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் பாதி முன்புறத் தட்டைப் பகுதிக்குப் போகும். மற்றப் பாதி, அதாவது மேலே 15 அங்குலமும் கீழே 18 அங்குலமும், பின்புறக் கொசுவத்துக்கு உரியது. கொசுவம் 24 என்று கொண்டால், ஒவ்வொன்றும் இடுப்பருகே முக்கால் அங்குலம் வெளியே தெரியவேண்டும். இடையருகே அரையே அரைக்கால் அங்குலம்தான் தெரியவேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அரைக்கால் அங்குலம். ஆக, தையற்காரர் கத்திரிக்கோலால் செதுக்கி எடுக்கும் மூன்று அங்குலச் சரிவை இங்கே 24 கொசுவங்கள் ஆளுக்கு அரைக்கால் அங்குலமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு கொசுவத்திலும் கை ஒரு மாகாணி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பிசகினால் என்ன ஆகும்? ஒன்றில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. 24-இலும் ஒரே பக்கமாகப் பிசகினால் ஒன்றரை அங்குலம். உடை அந்த ஆளுக்கு உதவாது. எண்சுவடியில் மாகாணி வாய்பாட்டை உருப்போட்ட நம் முன்னோர்கள் இந்தக் கலைக்குப் பொருத்தமான மாணவர்களாக இருந்திருப்பார்கள்.

கணக்கு இதோடு முடியவில்லை. துணியில் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? கண்டபடி மடித்தால் பின்புறம் வண்ணக் குழப்பமாகும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு கொசுவத்துக்கும் ஒரு முழு செட்டைச் செலவிட்டு, வெளியே தெரியும் முக்கால் அங்குலம் மட்டும் படிப்படியாக நகர்ந்து வருமாறு மடிப்பது. அப்போது மடித்த பின்புறத்திலும் முன்புறத்தில் உள்ள அதே கட்டம் முழுமையாக மறுபடி தோன்றும். செட் ஏழு அங்குலமானால் 24 கொசுவத்துக்கு 168 அங்குலம். அதாவது நான்கு கஜமும் இரண்டு அடியும் கொசுவத்துக்கே போய்விடும். எஞ்சியதில்தான் முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு தட்டைப் பகுதிகளும், அவற்றின் விளிம்புகளும் ஆழ்ந்த உள்மடிப்புகளும் அமையவேண்டும். மற்றொரு வழி பட்டாளத்தாருடையது. ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் ஒரே வண்ணக் கோடு வருமாறு மடித்துவிடுவது. நிற்கும்போது பின்புறம் ஒரே நிறமாகத் தெரியும். நடக்கும்போது கொசுவம் விரிந்து உள்ளே ஒளிந்திருக்கும் வண்ணங்கள் மின்னி மறையும்.

படித்தபோது இது எனக்கு எளிதில் விளங்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய கட்டம் போட்ட லுங்கி ஒன்றை மேஜைமேல் விரித்து, குண்டூசிகளை வைத்துக்கொண்டு இரண்டு வழியிலும் மடித்துப் பார்த்தேன். பத்துக் கொசுவம் மடிப்பதற்குள் புத்தகத்தின் மூன்று பக்கங்கள் தாமாகவே விளங்கிவிட்டன. கற்க விரும்புவோர்க்கும் இதையே சொல்வேன். டார்ட்டன் கம்பளி விலை மிக்க சரக்கு. ஊசியை அதில் குத்துவதற்கு முன் மலிவான கட்டத் துணியில் கணக்கைக் கைக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

இப்போது ஊசிக்கு வருவோம். கில்ட்டின் நீளம் 24 அங்குலம் என்றால், அதில் மேல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டு அங்குலம், கொசுவத்தைத் தைத்து இறுக்கிய பகுதி. கீழே உள்ளது சுதந்தரமாக ஆடும். அந்த எட்டு அங்குலத்திலும் ஒரு கொசுவத்தின் விளிம்பை அடுத்ததன்மேல் வைத்து, வெளிப்புறத்திலிருந்தே, கண்ணுக்குப் புலனாகாத சிறு தையல்களால் பிடித்துக்கொண்டே போகவேண்டும். கட்டத்தின் குறுக்குக் கோடுகள் ஒரு கொசுவத்திலிருந்து அடுத்ததற்கு முறியாமல் ஓடவேண்டும். ஓர் இழை ஏறி இறங்கினாலும் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்துவிடும். 24 கொசுவம், எட்டு அங்குலம் என்றால் 192 அங்குலம். ஐந்து கஜத்துக்கு மேற்பட்ட கைத்தையல்! அங்குஸ்தான் என்று நம் தையற்காரர்கள் சொல்லும் விரற்கவசம் இல்லாமல் கனத்த கம்பளியில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. தொழிலில் தேர்ந்தவர்களுக்கே இரண்டு மூன்று முழு நாட்கள் பிடிக்கும். மாலை வேளைகளில் மட்டும் உட்காருகிற புதியவருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

வெளியே தெரியாத வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைத்து முடித்த கொசுவத்தின் பின்னால், இடையருகே, துணி அடுக்கடுக்காகத் திரண்டு நிற்கும். அப்படியே விட்டால் அணிபவன் முதுகில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டது போலாகும். ஆகவே உட்புறம் மிகுந்த துணியை மேல்பகுதியில் மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வெட்டியதும் கொசுவத்தின் பலம் குறைகிறது அல்லவா? அதற்காக, வெட்டுமுன்பே உட்புறமாகக் குறுக்கே உறுதியான ஓட்டுத் தையல் போட்டு அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவார்கள். பிறகு கெட்டியான கான்வாஸ் துணியை வைத்து அதையும் தைப்பார்கள். இடைவாரின் இழுப்பு முழுவதையும் அந்தக் கான்வாஸ் தாங்கிக்கொள்ளும்; வெளியே தெரியும் மெல்லிய தையல்மீது பாரமே விழாது. இதன்மேல் பருத்தி லைனிங் வந்துவிட்டால் எல்லாம் மறைந்துபோகும். கடையில் விற்கும் மலிவான கில்ட்டுகளில் குறைவது பெரும்பாலும் இந்த மறைவான வேலைதான். வாங்குபவர் பார்ப்பதில்லை, சில ஆண்டுகள் சென்றபின் கொசுவம் வாய் பிளக்கும்போது பார்க்கிறார்.

இந்த நுட்பங்களை முன்னாளில் வீட்டில் கற்றுக்கொள்ள வழியில்லை. பட்டாளத்துத் தையற்காரர்களிடமோ கில்ட் கடைகளிலோ ஆண்டுக்கணக்கில் பழகியவர்களின் கையில் மட்டுமே அவை இருந்தன. 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கில்ட் தைக்கும் கலை' என்ற பொருள்படும் ஆங்கில நூல் அந்த நிலையை மாற்றிற்று. எல்சி ஸ்டூமேயர் என்பவர் ஸ்காட்லாந்தில் தொழில் பழகியவர். பார்பரா ட்யூக்ஸ்பரி என்பவர் கல்லூரியில் நிலவியல் கற்பித்த பேராசிரியர். தொழிலாளியின் கை அறிந்ததைப் பேராசிரியரின் பேனா படிப்படியாக எழுதி வைத்தது. கை அறிவை எழுத்தாக்குவதும் ஒரு மொழிபெயர்ப்புத்தான்; அதில் உள்ள சங்கடங்களை நான் ஓரளவு அறிவேன். "கொஞ்சம் இழுத்துப் பிடி" என்று குரு சொன்னால் சீடன் அவர் விரலைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். நூலாசிரியரோ எவ்வளவு கொஞ்சம் என்று அங்குலக் கணக்கில் எழுதியாகவேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட முடியாமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டனில் மரபுக் கைத்தொழில்களைக் கண்காணித்துவரும் சங்கத்தார் வெளியிடும் பட்டியலில், அருகிவரும் தொழில்களில் ஒன்றாகக் கில்ட் தைத்தலும் இடம்பெற்றிருக்கிறது. அணிபவர் குறைந்ததால் அன்று. திருமணங்களில் இன்றும் ஏராளமானோர் அணிகிறார்கள். ஆனால் பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள், அல்லது இயந்திரத்தில் தைத்ததை வாங்குகிறார்கள். சியால்கோட் நகரிலிருந்தும் மலிவான கில்ட்டுகள் உலகெங்கும் போகின்றன. கையால் தைப்பவர் கேட்கும் கூலி வாங்குவோர்க்கு மிகையாகத் தோன்றுகிறது. தைப்பவர்க்கோ அது மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் சொற்பமாக இருக்கிறது. கடந்த நூற்றாண்டில் இவ்வேலை செய்தவர்களில் பெண்களே மிகுதி. கடைக்காரர் துணியும் அளவும் கொடுப்பார். வீட்டில் தைத்துக் கொண்டுவந்து உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கிப்போவார்கள். பொழுதுபோக்காகத் தைக்கும் நாம் ரசித்துப் போடும் ஒவ்வொரு தையலையும் அவர்கள் அடுப்புக்கும் குழந்தைக்கும் நடுவே கணக்குப் பார்த்துப் போட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆயினும், கூலியைக் கருதாதவரின் கைக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தொழிலாளி அவசரத்தால் விடவேண்டி வருவதை அவர் விடவேண்டியதில்லை. ஒரு கொசுவம் மாகாணி பிசகினால் பிரித்து மறுபடி தைக்க அவருக்கு நேரம் உண்டு. இயந்திரத்தில் தைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: உட்புறத்தில் மறைந்துபோகும் இணைப்புகளுக்கு இயந்திரத்தைத் தாராளமாக உபயோகிக்கலாம், கொசுவத்தின் விளிம்புக்கு வேண்டாம். இயந்திரம் துணியைத் தள்ளிக்கொண்டு போகும். கட்டத்தின் கோடு எங்கே சேர்கிறது என்று அது நின்று பார்ப்பதில்லை.

கடைசியில் வாரும் கொளுவியும் வைப்பார்கள்: வலப்புறம் இரண்டு, இடப்புறம் ஒன்று. இடப்புற வார், கொசுவத்தின் அருகே விட்ட ஒரு சிறு துவாரத்தின் வழியாக வெளியே வரும். பிறகு, ஆடும் பகுதியில் உள்ள கொசுவங்களையும் தற்காலிக ஓட்டுத் தையலால் கரை வரை பிடித்து நிறுத்தி, ஈரத் துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார்கள். தேய்ப்பதல்ல, பெட்டியை வைத்து, எடுத்து, நகர்த்தி, மறுபடி வைப்பது. கம்பளி முழுவதும் ஆறிய பிறகுதான் தற்காலிகத் தையலைப் பிரிக்கவேண்டும்.

நன்றாகத் தைத்த கில்ட் ஒருவர் ஆயுளைக் கடந்தும் உழைக்கும். அணிபவர் சற்றுப் பருத்தால் கொளுவிகளை நகர்த்திக்கொள்ளலாம். மிகவும் பருத்தால் தையலைப் பிரித்து, உள்ளே பதுங்கியிருக்கும் துணியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி மறுபடி மடிக்கலாம். தந்தையின் கில்ட்டை மகனுக்கு இவ்வாறு மாற்றிக் கொடுப்பதுண்டு. நீளத்தை மட்டும் கூட்ட முடியாது; அடியில் இருப்பது கரை. ஆகவே வளரும் பிள்ளைகளுக்குத் தைப்பவர்கள் அந்தக் கரை விதியைத் தளர்த்தி, அடியில் சிறிது துணியை உள்ளே மடித்துவைத்துத் தைக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு பையன் வளர வளர, தாய் அந்த மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவாள்.